மேல்விஷாரத்துப் புட்டியில் கொடுவா: மீன் செல் வளர்ப்பின் 44 ஆண்டுக் கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில், ஒரு மீனின் செல்கள் கண்ணாடிப் புட்டிக்குள் சாகாமல் தொடர்ந்து பெருகுகின்றன என்ற செய்தி வெளிவந்தது. இந்தியாவில் ஒரு கடல் மீனின் செல்களை அப்படி வளர்த்த முதல் செய்தி வெளிவந்தது 2006-இல். அந்த மீன் நம் கொடுவா. அது நடந்த இடம் ராணிப்பேட்டைப் பக்கம் உள்ள மேல்விஷாரம். நடுவில் 44 ஆண்டுகள். இந்த இடைவெளி ஏன் வந்தது, அதனால் யார் காத்துக் கிடந்தார்கள் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஓர் அடிப்படைச் சங்கதி. என்னிடம் விலங்கியல் படித்து, இப்போது உவர்நீர்க் குட்டையில் மீன் வளர்க்கும் ஒருவர் கேட்டார்: "சார், கோழி செத்தால் என்ன நோய் என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். மீன் செத்தால் மட்டும் ஏன் சார் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்?" நல்ல கேள்வி. பதில் வைரஸின் குணத்தில் இருக்கிறது.

பாக்டீரியாவைச் சோற்றுக் கஞ்சி போல ஓர் உணவு வைத்துத் தட்டில் வளர்த்துவிடலாம். வைரஸை அப்படி வளர்க்க முடியாது. அது உயிருள்ள செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். கொடுவாக் குஞ்சுகளைக் கொல்லும் நோடா வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேல் அடுக்கலாம், அவ்வளவு சிறியது. வகுப்பறை மைக்ராஸ்கோப்பில் தெரியாது. ஆனால் அது செல்லைச் சிதைப்பது தெரியும். புட்டியின் அடியில் செல்கள் பாய் விரித்ததுபோல ஒட்டிப் படர்ந்திருக்கும். நோயுற்ற மீனின் உறுப்பை அரைத்து, பாக்டீரியா போகாத நுண்வடிகட்டியில் வடித்து, அந்த நீரைச் செல்கள் மேல் விடுவார்கள். வைரஸ் இருந்தால் சில நாட்களில் செல்கள் உருண்டு திரளும், உள்ளே குமிழிகள் தோன்றும், பாயில் ஓட்டை விழும். வைரஸின் கைவரிசையை இப்படித்தான் கண்ணால் பார்க்கிறோம்.

கோழி வைரஸுக்குக் கருவுற்ற முட்டை ஒன்று போதும். இன்புளூயன்சா வைரஸையே முட்டையில் வளர்க்கிறார்கள். மனித வைரஸ்களுக்கு 1949-இல் வழி பிறந்தது. எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் என்ற மூவர் போலியோ வைரஸை நரம்பு அல்லாத செல்களிலும் வளர்க்கலாம் என்று காட்டினார்கள். 1954-இல் நோபல் பரிசு கிடைத்தது. போலியோ தடுப்பூசி அந்தப் பாதையில் வந்ததுதான். மீனுக்கு அப்போது அப்படி ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். உடலிலிருந்து எடுத்த செல்கள் புட்டியில் சில வாரம் வாழ்ந்து, சில தடவை பிரிந்து, பிறகு ஓய்ந்துவிடும். இது முதல்நிலை வளர்ப்பு. சில சமயம், எல்லாச் செல்லும் ஓய்ந்த பிறகும் ஒரு சில மட்டும் தொடர்ந்து பிரியும். அவற்றைப் பேணி, புட்டி நிறைய நிறையப் பாதிப் பாதியாகப் பிரித்து வேறு புட்டிக்கு மாற்றிக்கொண்டே போனால், ஆண்டுக்கணக்கில் வாழும் ஒரு வம்சம் கிடைக்கும். அதற்குத்தான் செல் வரிசை என்று பெயர். ஆய்வகத்தில் எல்லோரும் 'செல் லைன்' என்பார்கள். நம் வீடுகளில் உறைமோர் எடுத்து வைப்பது போல என்று வகுப்பில் சொல்வேன். நேற்றைய தயிரில் கொஞ்சம் இன்றைக்கு, இன்றையதில் கொஞ்சம் நாளைக்கு. ஒரு நாள் தவறினால் வீட்டு மோர் போயிற்று.

மீனின் முதல் செல் வரிசை பிறந்த இடம் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் லீடவுன் என்ற ஊர். அங்கே அரசின் மீன் நோய் ஆய்வகம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஸ்னீஸ்கோ. அவருடைய குழுவில் இருந்தவர் கென் வுல்ஃப். அந்தக் காலத்தில் டிரவுட் குஞ்சுகளுக்கு ஒரு கொள்ளைநோய் வந்துகொண்டிருந்தது. குஞ்சுகள் தண்ணீரில் சுழன்று சுழன்று செத்துப்போகும். அறுத்துப் பார்த்தால் கணையம் சிதைந்திருக்கும். இது வைரஸ் நோய் என்று 1960-இல் செல் வளர்ப்பின் வழியாக வுல்ஃபும் கூட்டாளிகளும் நிறுவினார்கள். செல் வளர்ப்பில் பிரித்தெடுத்த முதல் மீன் வைரஸ் இதுதான்.

ஆனால் அப்போது அவர்கள் கையில் இருந்தது முதல்நிலை வளர்ப்பு மட்டும். ஒவ்வொரு தடவையும் புதிதாக மீனை அறுத்துச் செல் எடுக்க வேண்டும். ஒரு மீனின் செல் போல இன்னொன்று இருக்காது. இரண்டு ஆண்டு கழித்து, வுல்ஃபும் குவிம்பியும் சேர்ந்து, ரெயின்போ டிரவுட்டின் இனப்பெருக்கச் சுரப்பியிலிருந்து எடுத்த செல்களை நிரந்தரமாக வளர்த்துக் காட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் ஆர்.டி.ஜி-2. 'சயின்ஸ்' இதழில் வெளியான அந்தக் கட்டுரை, பரந்த வெப்ப வீச்சில் வாழக்கூடிய செல் வரிசை என்று இதைச் சொன்னது. நம் உடல் செல்லுக்கு 37 டிகிரி வேண்டும். டிரவுட் குளிர்ந்த ஓடையில் வாழ்கிற மீன், அதன் செல்லும் குளிரில் வளரும். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்ட டிரவுட் இந்த இனத்து மீன்தான்.

இதனால் பண்ணைக்காரருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். டென்மார்க்கைப் பார்ப்போம். அங்கே எக்ட்வெட் என்ற ஊரின் பெயராலேயே ஒரு டிரவுட் நோய் இருந்தது. மீனின் உடலெங்கும் ரத்தம் கசியும், பண்ணையே காலியாகும். வுல்ஃபின் ஆர்.டி.ஜி-2 செல்லை வரவழைத்து, 1963 வாக்கில் யென்சன் என்ற ஆய்வாளர் அதில் அந்த வைரஸைப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் 'உன் பண்ணையில் நோய் இருக்கிறது, அடுத்த பண்ணையில் இல்லை' என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது. 1965-இல் அரசு ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. நோயுள்ள பண்ணையைக் காலி செய்வது, காயப் போடுவது, கிருமிநீக்கம் செய்வது, நோயற்ற குஞ்சை விடுவது, பிறகும் மாதிரி எடுத்துச் செல்லில் சோதித்துக்கொண்டே இருப்பது. ஓடை ஓடையாக இதைச் செய்தார்கள். 2013-இல் அந்த நோய் இல்லாத நாடு என்ற தகுதி டென்மார்க்குக்குக் கிடைத்தது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு உழைப்பு. அத்தனைக்கும் அடியில் இருந்தது, புட்டியில் வாழ்ந்த டிரவுட் செல்.

இனி ஒரு வரிசையைக் கவனியுங்கள். முதலில் டிரவுட். பிறகு ஃபேட்ஹெட் மின்னோ என்ற வட அமெரிக்கச் சிறு மீன், சினூக் சால்மன். ஐரோப்பாவில் சாதாக் கெண்டை. ஆயிரக்கணக்கில் விலைபோகும் அலங்கார மீனான கோய்க்கு நோய் வந்தபோது, 1998-இல் தொடங்கிய அந்தச் சாவுகளுக்கு 2000-இலேயே விடை கிடைத்தது. கோயின் துடுப்பிலிருந்து எடுத்த செல்லில் அந்த ஹெர்பிஸ் வைரஸைப் பிரித்துவிட்டார்கள். எந்த மீனுக்கு ஆய்வகமும் அரசுப் பணமும் பக்கத்தில் இருந்தனவோ, அந்த மீனுக்குச் செல் வரிசை சீக்கிரம் கிடைத்தது. எந்த மீனுக்குச் செல் வரிசை இருந்ததோ, அந்த மீனை வளர்த்தவருக்கு நோயின் பெயர் சீக்கிரம் தெரிந்தது. வெப்ப நாட்டு மீனை வளர்த்தவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள்.

அப்படியானால், இருக்கிற டிரவுட் செல்லிலேயே நம் மீனின் வைரஸை வளர்த்துப் பார்க்கலாமே? பார்த்தார்கள். பல வைரஸ்களுக்கு அது ஒத்துவராது. வைரஸ் நுழைவதற்குச் செல்லின் மேல் அதற்குரிய தாழ்ப்பாள் வேண்டும். தாழ்ப்பாள் பொருந்தினாலும், 28 டிகிரியில் பழகிய வைரஸுக்குக் குளிர்நாட்டுச் செல் ஏற்ற வீடல்ல. 'செல்லில் ஒன்றும் வளரவில்லை' என்று முடிவு வந்தால், வைரஸே இல்லை என்று பொருளா, வீடு பிடிக்கவில்லை என்று பொருளா? அதைச் சொல்ல முடியாது. பண்ணைக்காரருக்கு அந்தப் பதிலால் பயனில்லை.

இதற்கு நல்ல உதாரணம் நோடா வைரஸ். இளம் குஞ்சுகளின் மூளையையும் கண்ணின் விழித்திரையையும் இது தாக்கும். குஞ்சு நிலைதடுமாறிச் சுழலும், தீவனம் எடுக்காது, கூட்டம் கூட்டமாக மடியும். ஜப்பானில் 1992-இல் இதை இன்ன வகை வைரஸ் என்று அடையாளம் கண்டுவிட்டார்கள். ஆனால் கையில் இருந்த எந்தச் செல் வரிசையிலும் அது வளரவில்லை. 1996-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெரிக்ஸும் கூட்டாளிகளும் ஐரோப்பியக் கடல் மீன் ஒன்றிலிருந்து அதை வளர்த்துக் காட்டினார்கள். எந்த மீனின் செல்லில் தெரியுமா? விரால்! நம் ஏரியிலும் வயல் வாய்க்காலிலும் பிடித்துக் குழம்பு வைக்கிறோமே, அந்த விரால். அதன் குஞ்சிலிருந்து உருவாக்கிய எஸ்.எஸ்.என்-1 என்ற செல் வரிசையில்தான் நோடா வைரஸ் முதலில் பிடிபட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த விரால் செல்லுக்குள் ஏற்கெனவே வேறொரு ரெட்ரோவைரஸ் சத்தமில்லாமல் குடியிருந்தது. 1991-இலேயே அதைக் கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள். வைரஸைத் தேடுகிற கருவிக்குள்ளேயே ஒரு வைரஸ்! அதை அறிந்தே, கணக்கில் வைத்துக்கொண்டே பயன்படுத்தினார்கள். 2000-இல் ஜப்பானியர்கள் அந்த வரிசையிலிருந்து ஒரே ஒரு செல்லின் வம்சத்தைத் தனியே பிரித்து, இ-11 என்று பெயரிட்டார்கள். பிறகு இஸ்ரேலில் கலிலேயாக் கடல் என்று விவிலியம் சொல்லும் கின்னரெத் ஏரியிலும் பண்ணைகளிலும் திலேப்பியா மடிந்தபோது, அந்தப் புதிய வைரஸை 2014-இல் வெளிக்கொண்டுவர உதவியதும் இந்த இ-11 தான். நாம் ஜிலேபி என்று வாங்குகிற ஏழைகளின் மீனுக்கு வந்த நோயை, விராலின் செல் காட்டிக்கொடுத்தது. அந்தத் திலேப்பியா ஏரி வைரஸ் 2018-க்குள் இந்தியாவிலும் பதிவாகிவிட்டது.

செல் வரிசை இருந்தால் மட்டும் போதாது, அது சொல்லப்படுகிற மீனுடையதுதானா என்றும் பார்க்க வேண்டும். 1983-இல் அன்றைய யூகோஸ்லாவியாவில், கெண்டையின் தோல் கட்டியிலிருந்து இ.பி.சி. என்ற செல் வரிசை உருவானதாக அறிவித்தார்கள். உலகெங்கும் கெண்டைச் செல் என்றே கால் நூற்றாண்டு பயன்படுத்தினார்கள். 2010-இல் மரபணுவைப் பார்த்தபோது, சோதித்த இ.பி.சி. செல்கள் கெண்டையுடையவை அல்ல, ஃபேட்ஹெட் மின்னோவுடையவை என்று தெரிந்தது. எப்போதோ எந்த ஆய்வகத்திலோ ஒரு புட்டியின் செல் இன்னொரு புட்டியில் கலந்து, வேகமாகப் பெருகும் இனம் மற்றதை விரட்டிவிட்டது. மனிதச் செல்களிலும் ஹீலா என்ற வரிசை இப்படிப் பல புட்டிகளுக்குள் புகுந்த கதை உண்டு. ஆகவே இப்போது புதிதாக ஒரு வரிசையை அறிவித்தால், குரோமோசோம் எண்ணிக்கையையும் மைட்டோகாண்டிரியா மரபணுவையும் காட்டி, இன்ன மீன் என்று நிரூபிக்க வேண்டும். கொடுவாவுக்குக் குரோமோசோம் 48.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுருக்கமாக சிபா. முட்டுக்காட்டில் உள்ள அதன் களநிலையத்தில் 1997-இல் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்தார்கள். இந்தியாவில் அதுவே முதல் தடவை. அதுவரை ஆற்று முகத்துவாரத்தில் அரித்துப் பிடித்த குஞ்சுதான் கதி. ஹேச்சரியில் குஞ்சு கிடைக்கும் என்றானதும் கொடுவா வளர்ப்புக்கு வாசல் திறந்தது. கூடவே நோயும் வந்தது. ஹேச்சரியில் பிறந்த கொடுவாக் குஞ்சுகள் நோடா வைரஸால் மடிகின்றன என்ற இந்தியாவின் முதல் அறிக்கை 2005-இல் சிபாவிலிருந்தே வெளிவந்தது. ஒரு குஞ்சுக்கும் தீவனம், தொட்டி, மின்சாரம், தூக்கம் கெட்ட இரவுகள் என்று கணக்குப் போட்டால், ஒரு தொட்டி மடிவது என்ன இழப்பு என்பது வளர்த்தவருக்குத்தான் தெரியும்.

அடுத்த ஆண்டே மேல்விஷாரத்திலிருந்து செய்தி வந்தது. மேல்விஷாரம் தோல் பதனிடும் தொழில் சூழ்ந்த ஊர். பாலாற்றங்கரைப் பகுதி. கடல் கண்ணுக்கு எட்டாத தூரம். அங்கே 1965-இல் தொடங்கிய சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் பஸ் பிடித்துப் போய்ப் படிக்கிற கல்லூரி. அதன் விலங்கியல் துறையில் பேராசிரியர் ஏ.எஸ். சாகுல் ஹமீதும் அவருடைய ஆய்வு மாணவர்களும் கொடுவாவின் சிறுநீரகத்திலிருந்து ஒரு செல் வரிசையை உருவாக்கினார்கள். பெயர் எஸ்.ஐ.எஸ்.கே. இந்தியாவின் முதல் கடல் மீன் செல் வரிசை என்று 2006-இல் அறிவிக்கப்பட்டது இதுதான். அதே ஆண்டில் கொடுவாவின் மண்ணீரலிலிருந்து எஸ்.ஐ.எஸ்.எஸ். என்ற இன்னொன்று. அந்த மண்ணீரல் செல்லில் நோடா வைரஸ் வளர்ந்தது. கொடுவாவின் நோயைக் கொடுவாவின் செல்லிலேயே, நம் நாட்டிலேயே வளர்த்துப் பார்க்க முடிந்தது.

வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். மீனை முதலில் கிருமியில்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். மீனின் செதிளிலும் குடலிலும் ஆயிரம் பாக்டீரியா, பூஞ்சை. உறுப்பை எடுத்து, மிகச் சிறு துண்டுகளாக நறுக்கிப் புட்டியின் அடியில் ஒட்ட வைக்கலாம். அல்லது டிரிப்சின் என்ற செரிமான நொதியில் ஊற வைத்துச் செல்களைப் பிரிக்கலாம். உணவாக எல்-15 என்ற ஊடகத்தை ஊற்றுவார்கள். லீபோவிட்ஸ் என்பவர் 1963-இல் வகுத்தது. கார்பன்டையாக்சைடு அடைத்த பெட்டி இல்லாமலே செல்லை வளர்க்கலாம் என்பது இதன் வசதி. வசதி குறைந்த ஆய்வகங்களுக்கு இது பெரிய உதவி. அதோடு கன்றின் கருவிலிருந்து எடுக்கும் சீரம். அதுதான் செலவு பிடிக்கிற சரக்கு. பிறகு 28 டிகிரியில் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பதுதான் பெரும்பாடு. நூறு புட்டி தொடங்கினால் முக்கால்வாசியில் பூஞ்சை படரும், மீதியில் செல்கள் சில தடவை பிரிந்து நின்றுவிடும். தப்பிப் பிழைத்ததை வாரம் தவறாமல் பார்த்து, ஊடகம் மாற்றி, பிரித்து வைக்க வேண்டும். தீபாவளி, ரம்ஜான், செமஸ்டர் விடுமுறை என்று செல்லுக்கு எதுவும் கிடையாது. மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். கொஞ்சம் செல்லைக் காப்பு மருந்தோடு கலந்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிட்டால் பிறகு எடுத்து உயிர்ப்பிக்கலாம். ஆனால் அந்த நைட்ரஜனும் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதையும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுரையில் ஆசிரியர் பெயர்கள் வரும். வாரக் கடைசியில் வந்து புட்டியைப் பார்த்துப் போன கைகள் பலவற்றின் பெயர் வராது.

அந்த ஆய்வகம் அத்தோடு நிற்கவில்லை. பால்மீனின் இதயத்திலிருந்து, ரோகு, கட்லாவின் உறுப்புகளிலிருந்து என்று அடுத்தடுத்து வரிசைகள் வந்தன. ரோகுவும் கட்லாவும் நம் நன்னீர்க் குளங்களின் முதுகெலும்பு. இன்னொரு பயனும் கிடைத்தது. ஊரைச் சுற்றியிருக்கும் தோல் ஆலைக் கழிவுநீர் எவ்வளவு நச்சு என்று பார்க்க, உயிருள்ள மீன்களை அதில் விட்டுக் கொல்வதற்குப் பதிலாக, மீன் செல்களின் மேல் சோதித்தார்கள். பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு செய்ய வேண்டிய வேலைதானே இது?

2010-இல் லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபுவளப் பணியகத்தில் மீன் செல் வரிசைகளுக்கென்று தேசியக் காப்பகம் ஒன்று அமைந்தது. பல ஆய்வகங்களில் உருவானவற்றைச் சரிபார்த்து, உறைய வைத்து, கேட்கிறவர்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. உருவாக்கியவர் ஓய்வு பெற்றாலும், ஓர் ஆய்வகத்துக்குப் பணம் நின்றுபோனாலும், வம்சம் அறுந்துபோகாமல் இருக்க இப்படி ஒன்று அவசியம். இ.பி.சி.க்கு நேர்ந்த அடையாளக் குழப்பத்தைத் தடுக்கவும் இது உதவும்.

கொடுவாவுக்கான நோடா வைரஸ் தடுப்பூசியையும் சிபா உருவாக்கிவிட்டது. நோடாவேக்-ஆர் என்று பெயர். பெயர் தெரியாத நோய் என்ற நிலையிலிருந்து ஊசி வரை வந்திருக்கிறோம்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, பணமும் ஆய்வகமும் இருந்தால் எல்லாம் நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இறால் அதற்கு மறுப்பு.

1994-95-இல் நம் கிழக்குக் கடற்கரை இறால் பண்ணைகளை வெள்ளைப்புள்ளி நோய் சூறையாடியதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். நிலத்தை அடகு வைத்துக் குட்டை வெட்டியவர்கள் பலர். ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரிந்த சில நாட்களில் குட்டையே காலியாகும். உலகச் சந்தையில் இறாலுக்கு இருக்கிற மதிப்பு டிரவுட்டுக்குக் குறைந்ததல்ல. தைவானில் 1986-லேயே இறால் செல்லைப் புட்டியில் வளர்க்க முயன்றார்கள். அதன் பிறகு எத்தனையோ நாடுகளில், எத்தனையோ ஆய்வகங்களில் முயற்சி. செல்கள் சில வாரம் வாழும், பிறகு ஓய்ந்துவிடும். உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டு அன்றாடம் பயன்படுத்துகிற இறால் செல் வரிசை ஒன்று இன்னும் கைக்கு வரவில்லை. கடல்வாழ் முதுகெலும்பற்ற உயிர்களின் செல் என்று நம்பி வளர்த்தது, கடைசியில் கடல்நீரில் வாழும் வேறொரு நுண்ணுயிர் என்று தெரிந்து ஏமாந்த சம்பவங்களும் உண்டு.

அதனால் இன்றைக்கும் இறாலில் பி.சி.ஆர். சோதனையைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறோம். அது வைரஸின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று சொல்லும். வைரஸ் உயிர்ப்போடு தொற்றும் நிலையில் இருக்கிறதா என்று சொல்லாது. அது தெரிய வேண்டுமானால் உயிருள்ள இறாலில் ஏற்றிப் பார்க்க வேண்டும். மருந்து ஒன்று வைரஸைத் தடுக்கிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான். பாட்டிலில் அடைத்து 'வைரஸைக் கொல்லும்' என்று விற்கப்படும் சரக்குகளைப் பண்ணைக்காரர் வாங்கும்போது, அதைச் செல்லில் எளிதாகச் சோதித்து உண்மை பொய் சொல்ல வழியில்லை. நான் சொன்ன இழப்பு இதுதான். செல் வரிசை இல்லாத இடத்தில் வாய்ச்சொல் வியாபாரம் ஆகிறது.

இதிலும் மேல்விஷாரத்துக்காரர்கள் ஒரு சுற்றுவழி கண்டார்கள். நன்னீர் இறாலுக்கு வெள்ளை வால் நோய் என்று ஒன்று வரும். குஞ்சின் வால் சதை பால் போல வெளுக்கும், மடியும். அந்த வைரஸை இறால் செல்லில் வளர்க்க வழியில்லை. 2007-இல் கொசுவின் செல்லில் வளர்த்துக் காட்டினார்கள். கொசுவும் இறாலும் கணுக்காலிகள், ஒன்றுவிட்ட உறவு. அந்தக் கொசுச் செல் எங்கிருந்து வந்தது தெரியுமா? புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் கே.ஆர்.பி. சிங் என்பவர் 1967-இல் ஈடிஸ் கொசுவின் புழுவிலிருந்து உருவாக்கியது. அதிலிருந்து 1978-இல் இகராஷி என்ற ஜப்பானியர் பிரித்தெடுத்த சி6/36 என்ற வரிசை, டெங்கு வைரஸை வளர்க்க உலகமெல்லாம் பயன்படுகிறது. நாற்பது ஆண்டு முன்பு கொசுக்காய்ச்சலுக்காக யாரோ ஒருவர் பேணி வைத்த செல், வேலூர்ப் பக்கத்தில் இறாலுக்கு உதவியது. பேணி வைத்தால் எப்போது யாருக்கு உதவும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். 44 ஆண்டு இடைவெளிக்குக் காரணம் நம் பிள்ளைகளின் அறிவுக் குறைவு அல்ல. கடலே இல்லாத ஊரின் கல்லூரியில், பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். நம் மீனை நாமே கவனிக்க வேண்டும் என்று தீர்மானிக்கத்தான் அத்தனை காலம் ஆயிற்று. வேறு நாட்டுக்காரர் அவர் மீனுக்குச் செய்துகொள்வார், நம் கெளுத்திக்கும் கெண்டைக்கும் கொடுவாவுக்கும் நாம்தான் செய்ய வேண்டும். அதற்கு மாவட்டத் தலைநகரில்கூட இல்லாத கல்லூரிகளின் ஆய்வகங்களுக்குத் தொடர்ந்து பணம் போக வேண்டும். ஒரு திட்டம் மூன்று ஆண்டில் முடியும், செல் மூன்று ஆண்டில் முடியாது.

விலங்கியல் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், 'இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்' என்று கேட்பதற்கு முன், இந்தப் பதிவைக் காட்டுங்கள். இறால் செல் வரிசை இன்னும் யாருக்காகவோ காத்திருக்கிறது.

மீன், இறால் வளர்க்கிற நண்பர்கள், உங்கள் குட்டையில் நோய் வந்தபோது மாதிரியை எங்கே அனுப்பினீர்கள், எத்தனை நாளில் பதில் வந்தது என்பதைக் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.